பிரீசெட்ல இருக்கற பட்டு நம்ம பட்டு இல்ல

ஒன்பது செகண்ட் அனிமேஷன் ஷாட், அவ்ளோதான். ஆடிப்பதினெட்டு அன்னிக்கு ஒரு அம்மா காவேரி படித்துறைல இறங்கி வர்றாங்க, இடது கையால கொசுவத்த லேசா தூக்கிப் பிடிச்சிருக்காங்க, வலது கைல மஞ்சள், பூ, காதோலை கருகமணி வச்ச தட்டு, கட்டியிருக்கறது அரக்கு கலர் பட்டுச்சேலை, அகல ஜரிகை பார்டர். செகண்டுக்கு 24 ஃபிரேம், ஆக 216 ஃபிரேம். கேரக்டர், நடை, படித்துறை எல்லாத்தையும் சென்னைல ஒரு சின்ன ஸ்டூடியோ முடிச்சுட்டாங்க, சேலை மட்டும் என்கிட்ட வந்துச்சு. திருபுவனத்துல தறிக்காரர் வீட்டுப் பையன், அவனுக்குத் தெரியாத சேலையான்னு நம்பிக் குடுத்தாங்க. பத்து நாள் வேலைன்னு நானும் ஒத்துக்கிட்டேன். ஏழு வாரம் ஆச்சு.

அந்த ஏழு வாரத்துல கத்துக்கிட்டத எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன், ஏன்னா நான் தேடுனப்ப எனக்குக் கெடச்சதெல்லாம் மேஜை விரிப்பு, கொடி, முதுகுல பறக்கற கேப் இதுங்கதான், ஆறு கஜம் துணிய உடம்பச் சுத்தி, மடிச்சு, சொருகி, தோள்ல போட்டு, அதோட நடந்து படி இறங்கற ஒரு பொம்பளய யாரும் சொல்லித் தரல. நான் யூஸ் பண்றது பிளெண்டர், காசில்லாம கெடைக்கற 3D அனிமேஷன் சாஃப்ட்வேர், ஆனா இங்க சொல்றதுல பாதி வேற சாஃப்ட்வேருக்கும் பொருந்தும்.

முதல் நாளே பண்ண வேலை, கிளாத் செட்டிங்ஸ்ல பிரீசெட் லிஸ்ட்ட, அதாவது ஒவ்வொரு துணிக்கும் ரெடிமேடா நம்பர் போட்டு வச்சிருக்கற லிஸ்ட்ட, தொறந்தேன். காட்டன், டெனிம், லெதர், ரப்பர், சில்க்னு அஞ்சு இருக்கு. சில்க்க அமுக்குனேன். ஒவ்வொரு புள்ளிக்கும் எடை 0.15 கிலோ, இழுவை (நீளறதுக்கான எதிர்ப்பு) 5, வளையறதுக்கான எதிர்ப்பு 0.05னு நம்பர் எல்லாம் தானா விழுந்துச்சு. பக்கத்துல காட்டனுக்கு பாத்தா இழுவை 15, வளைவு 0.5. அதாவது காட்டன விட பட்டு பத்துல ஒரு பங்கு எதிர்ப்போட வளையும்னு அந்த லிஸ்ட் சொல்லுது. அப்பவே எனக்கு உறுத்தியிருக்கணும், ஆனா வேலை அவசரத்துல பேக் (துணி அசைவ ஃபிரேம் ஃபிரேமா கணக்கு போட்டு வைக்கறது) போட்டு வீடியோவா எடுத்துட்டேன்.

அப்பா மதியம் தறிலேர்ந்து எந்திரிச்சு டீ குடிக்க வந்தவரு பின்னாடி நின்னு பாத்தாரு. ரெண்டு தடவ ஓட்டச் சொன்னாரு.

"என்னடா இது, நனைஞ்ச வேட்டி மாதிரி கால்ல சுத்திக்கிட்டு போவுது."

"பட்டுச்சேலைப்பா."

"இதுவா பட்டு? பட்டுன்னா நிக்கணும்டா. கீழ விட்டா நிக்கணும், மடிச்சா மடிப்பு நிக்கணும். இது மெல்லிசு துணி, கழுத்துல போட்டுக்குற துணி."

ஸ்டூடியோலேர்ந்தும் கிட்டத்தட்ட இதே பதில்தான் வந்துச்சு, வேற வார்த்தைல. அப்பா சொன்னதுதான் எனக்கு ஒறச்சுது. பிரீசெட்ல இருக்கற சில்க் பொய் இல்ல, அதுவும் பட்டுதான், காத்துல மிதக்கற ஸ்கார்ஃப் பட்டு. நம்ம ஊருல முறுக்கேத்துன நூல நெருக்கமா அடிச்சு, வெள்ளிக்கம்பி சுத்துன ஜரிகைய பார்டர் முழுக்க ஓட்டி நெய்யற சேலை வேற சாமான். பேரு ஒண்ணுங்கறதால ரெண்டும் ஒண்ணாயிடாது.

இத சரி பண்றதுக்கு முன்னாடி சாஃப்ட்வேர் துணிய எப்படிப் பாக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். அதுக்குத் துணின்னு ஒண்ணு கெடயாது. கட்டம் கட்டமா புள்ளிகள், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல ஸ்பிரிங், அவ்ளோதான். பக்கத்துப் புள்ளியோட இருக்கற ஸ்பிரிங் துணி நீளாம பாத்துக்கும், மூலைக்கு மூலை போற ஸ்பிரிங் கட்டம் சாயாம பாத்துக்கும், இன்னொண்ணு மடங்கறத எதிர்க்கும். ஒவ்வொரு ஃபிரேம்லயும் புவியீர்ப்பு கீழ இழுக்கும், ஸ்பிரிங் மேல இழுக்கும், உடம்பு இடிச்சா வெளிய தள்ளும், இதெல்லாம் கூட்டிக் கழிச்சு அடுத்த ஃபிரேம்ல புள்ளி எங்க இருக்கும்னு கணக்கு.

1986ல ஜெர்ரி வெயில்ங்கறவர் தொங்கற துணிய கம்ப்யூட்டர்ல காட்டினப்போ இந்த விசையெல்லாம் இல்ல, ரெண்டு ஆணில கயிறு தொங்குனா வர்ற வளைவு இருக்குல்ல, அந்தக் கோட்டத்தான் துணில ஓட்டிப் பாத்தாரு. அசையாத துணிக்கு அது போதும். அடுத்த வருஷம் டெர்ஸோபௌலோஸ்ங்கறவரும் கூட இருந்தவங்களும் நெகிழற பொருளுக்கான இயற்பியல உள்ள கொண்டு வந்தாங்க. ஆனா ஒரு பெரிய தொந்தரவு இருந்துச்சு, ஸ்பிரிங் விறைப்பா இருந்தா கணக்கு தெறிச்சுடும், துணி ஒரே ஃபிரேம்ல வெடிச்ச பலூன் மாதிரி நாலாபக்கமும் போயிடும், அது வராம இருக்க ரொம்பப் பொடிப்பொடியா நேரத்த வெட்டி வெட்டி கணக்கு போடணும். 1998ல பாராஃப், விட்கின்னு ரெண்டு பேர் எழுதுன கட்டுரைதான் வழி காட்டுச்சு. இப்ப இருக்கற விசைய வச்சு அடுத்த எடத்த கண்டுபிடிக்காம, அடுத்த எடத்துல என்ன விசை இருக்குமோ அதையே சமன்பாட்டுக்குள்ள போட்டு மொத்தமா தீர்க்கறது. அதனால பெரிய பெரிய அடியா எடுத்து வைக்கலாம், தெறிக்காது. பிளெண்டர்ல இன்னிக்கும் ஓடறது அந்த வழிதான். நான் வீட்டுல ஒரு சாதா கிராஃபிக்ஸ் கார்டு கூட இல்லாம சேலைய ஓட்ட முடியுதுன்னா அந்த ரெண்டு பேருக்கு நான் கடன்பட்டிருக்கேன், மனசார சொல்றேன்.

சரி, நம்ம சேலைக்கு வருவோம். முதல்ல எடை.

ஆறு கஜம்னா சுமாரா 5.5 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். ஒரு செ.மீ-க்கு ஒரு புள்ளின்னு கட்டம் போட்டா 551 இன்ட்டு 121, மொத்தம் 66,671 புள்ளி. பிளெண்டர்ல எடைங்கறது முழுத் துணிக்கு இல்ல, ஒரு புள்ளிக்கு. எதையும் தொடாம விட்டா ஒரு புள்ளிக்கு 0.3 கிலோ. பெருக்கிப் பாருங்க, சேலை 20,000 கிலோ. கொள்முதல் நிலையத்துல 40 கிலோ மூட்டையா அடுக்கினா 500 மூட்டை நெல்லு. சில்க் பிரீசெட்ல பாதி, 250 மூட்டை. நான் எங்க வீட்டுத் தராசுல நிறுத்த சேலை 720 கிராம்.

கட்டம் கம்மியா இருந்தா இது தெரியாது, கட்டத்த நுணுக்க நுணுக்க சேலை கனத்துக்கிட்டே போகும், ஸ்பிரிங் அதே விறைப்புல இருக்கும், அதனால துணி ரப்பர் மாதிரி இழுபட்டு முந்தானை முழங்காலுக்கு வந்துரும். நெறைய பேரு இதப் பாத்துட்டு இழுவைய ஏத்திக்கிட்டே போவாங்க. நானும் ரெண்டு நாள் அதான் பண்ணேன். எடைய எறக்குனா பிரச்சினையே முடிஞ்சு போச்சு.

அடுத்தது வளைவு, இதுதான் உயிர்நாடி. பிளெண்டர்ல வளைவு எதிர்ப்புக்கு ஒரு நம்பர் போடலாம், ஆனா அந்த நம்பர எந்த ஜவுளி லேபும் அளந்து தராது, ரெண்டுக்கும் நடுவுல பாலம் இல்ல. அப்பதான் பியர்ஸ் பத்திப் படிச்சேன். 1930லயே இங்கிலாந்துல பருத்தி ஆராய்ச்சி பண்ண பியர்ஸ்ங்கறவர் துணியோட தொட்டுணர்வ நம்பரா மாத்தலாம்னு ஒரு கட்டுரை எழுதியிருக்காரு. அவரு சொன்ன டெஸ்ட்டுக்கு ஒரு மேஜையும் ஒரு ஸ்கேலும் போதும். துணிய நீட்டு வாக்குல ஒரு பட்டையா வெட்டி, மேஜை விளிம்புலேர்ந்து மெதுவா வெளிய தள்ளணும். தள்ளத் தள்ள நுனி தன் எடைலயே கீழ வளையும். விளிம்புலேர்ந்து கீழ சாய்வா 41.5 டிகிரில ஒரு கோடு போட்டு வச்சுக்கணும், நுனி அந்தக் கோட்டத் தொட்டவுடனே நிறுத்தி, எவ்ளோ நீளம் வெளிய தொங்குதுன்னு பாக்கணும். அதுல பாதிதான் அந்தத் துணியோட வளைவு நீளம். ஏன் 41.5னா, அந்தக் கோணத்துல கணக்கு கிட்டத்தட்ட பாதின்னு வந்து நிக்குது. விறைப்பான துணி நெறைய வெளிய போனப்பறம்தான் கோட்டத் தொடும், தொளதொளன்னு இருக்கறது சீக்கிரம் தொட்டுடும்.

ஒரு பாவு (தறில நீளவாக்குல ஓடற நூல்) முடியும்போது கடைசில கொஞ்சம் துண்டு மிஞ்சும், அப்பா அத சேத்து வச்சிருப்பாரு. கேட்டேன், எதுக்குன்னு கேட்டாரு, சொன்னேன், ஒண்ணும் பேசாம மூணு துண்டு எடுத்துட்டு வந்தாரு. மூணு செ.மீ அகலத்துல மூணு பட்டை வெட்டுனோம், ஒண்ணு உடம்புத் துணில பாவு வாக்குல, ஒண்ணு ஊடை (குறுக்க ஓடற நூல்) வாக்குல, ஒண்ணு ஜரிகை பார்டர்ல. அண்ணன் பொண்ணோட ஜாமெட்ரி பாக்ஸ் கோணமானிய வச்சு அட்டைல கோடு போட்டேன். ஃபேன் ஓடுனா பட்டை ஆடுது, அத நிறுத்தியாச்சு. சித்திரை மாச மதியம், வேர்த்து ஊத்துது, அப்பா மேஜைக்குக் கண்ண நேரா வச்சு குனிஞ்சுக்கிட்டு, மேல ஸ்கேல வச்சு ஒரு ஒரு மில்லிமீட்டரா பட்டைய நகத்துறாரு. நாப்பது வருஷமா இழை பாத்த கண்ணு. "தொட்டுச்சு"ன்னு சொன்னா அது தொட்டதுதான், நான் ஃபோன்ல படம் எடுத்து பெருசு பண்ணிப் பாத்தாலும் அதான்.

வெளிய தொங்குன நீளம் உடம்புத் துணி பாவு வாக்குல 5 செ.மீ, ஊடை வாக்குல 4.5. பார்டர் 8 செ.மீ. பாக்க மூணு செ.மீ வித்தியாசம்தானேன்னு தோணும், ஆனா விறைப்பு அந்த நீளத்தோட மும்மடிப் பெருக்கத்துல போகும், கூடவே துணியோட எடையும் பெருக்கணும். 8ஐ 5ஆல வகுத்தா 1.6, அத மூணு தடவ பெருக்குனா 4.1 கிட்ட. பார்டர் அதே பரப்புக்கு உடம்ப விட ஒன்றரை மடங்கு கனம். ஆக எங்க சேலைல பார்டர் உடம்ப விட ஆறு மடங்கு விறைப்பு. ஒரே துணில, ஒரே தறில, பக்கத்துப் பக்கத்துல. "பார்டர்தாண்டா சேலைய நிறுத்துது"ன்னு அப்பா சொல்றதுக்கு நம்பர் அது.

இனி இத எப்படி உள்ள கொண்டு போறது? எனக்குத் தோணுன வழி இது, யாராவது ட்ரை பண்ணா சொல்லுங்க. அதே டெஸ்ட்ட பிளெண்டர்குள்ள வச்சேன். மூணு செ.மீ அகல பட்டை, சேலைல போட்ட அதே ஒரு செ.மீ கட்டம், அதே எடை, ஒரு பக்கத்த பின் பண்ணிட்டு 5 செ.மீ வெளிய தொங்க விட்டேன், பக்கத்துல 41.5 டிகிரில ஒரு கோடு. நுனி கோட்டத் தொடற வரைக்கும் வளைவு நம்பர மாத்தி மாத்தி ஓட்டுறது. அடுத்து 8 செ.மீ தொங்க விட்டு பார்டருக்கு. கட்டம் அதே அளவுல இருக்கணும்ங்கறத விட்டுடாதீங்க, கட்டம் மாறுனா அதே நம்பர் வேற விறைப்பு குடுக்கும். ரெண்டு நம்பரும் கெடச்சப்பறம் பார்டர் புள்ளிகளை ஒரு வெர்டெக்ஸ் குரூப்ல (புள்ளிகளோட தொகுப்பு) போட்டு, பிராபர்ட்டி வெயிட்ஸ்ங்கற எடத்துல பெண்டிங் குரூப்பா அத குடுத்து, மேக்ஸ்ல பெரிய நம்பர். உடம்புக்குச் சின்ன நம்பர், பார்டருக்குப் பெருசு, நடுவுல ஒரே ஒரு கட்டத்துல மாத்தம். நெறைய பேர் இத பிரஷ்ல மெதுவா குறைச்சுக்கிட்டே வருவாங்க, ஆனா நெசத்துல பார்டர் சட்டுனு ஆரம்பிக்கும், நடந்தா அந்தக் கோட்டுல துணி லேசா ஒடியறது நல்லாத் தெரியும். அந்த ஒடியற கோடு வந்த அன்னிக்குத்தான் எனக்கு முதல் தடவையா அது சேலையா தெரிஞ்சுது.

பாவுக்கும் ஊடைக்கும் தனித்தனி விறைப்பு பிளெண்டர்ல குடுக்க வழியில்ல. மார்வெலஸ் டிசைனர்ங்கற இன்னொரு சாஃப்ட்வேர்ல குடுக்கலாம், இழுவை, வளைவு ரெண்டுக்குமே பாவு தனி ஊடை தனி. அதுக்கு சந்தா கட்டணும், எனக்கு இந்த ஒரு வேலைக்கு கட்டுப்படியாகல, அரை செ.மீ வித்தியாசத்த விட்டுட்டேன்.

ஆனா விடக் கூடாத ஒண்ணு இருக்கு. அப்பா துணிய ரெண்டு கையால பிடிச்சு நேரா இழுத்துக் காட்டுனாரு, பாவு வாக்குல துளி குடுக்கல, ஊடை வாக்குலயும் குடுக்கல. அதையே கோணையா மூலைக்கு மூலை பிடிச்சு இழுத்தாரு, ரப்பர் மாதிரி நீண்டு குடுத்துச்சு. இழை நீளல, பாவும் ஊடையும் குறுக்க இருக்கற சதுரம் சாஞ்சு வைரமாகுது. இடுப்புலயும் தோள்லயும் சேலை உடம்போட ஒட்டி உக்காரறது இந்தச் சாய்வாலதான். பிளெண்டர்ல இந்த மூலை ஸ்பிரிங் நாலு பக்கக் கட்டத்துக்கு மட்டும்தான் வரும், முக்கோணத்துக்கு மூலையே கெடயாதே. எனக்கு வந்த சேலை மெஷ் (அந்தப் புள்ளிக் கட்ட வலை) முழுக்க தாறுமாறா முக்கோணம். அத அப்படியே தூக்கி வச்சுட்டு, பாவும் ஊடையும் ஓடற மாதிரி சதுரக் கட்டமா தட்டையான சேலைய முதல்லேர்ந்து போட்டேன். தறில இருக்கறது எப்படியோ மெஷ்ஷும் அப்படி. யாராவது ஒரே ஒரு விஷயம் சொல்லுன்னா இதத்தான் சொல்லுவேன்.

அப்பறம் கொசுவம். ஏழு மடிப்பு வச்சேன். ஏழு மடிப்புன்னா இடுப்புல சொருகற எடத்துல பதினஞ்சு அடுக்கு துணி ஒண்ணு மேல ஒண்ணு. துணி தன்னையே ஊடுருவாம இருக்க செல்ஃப் கொலிஷன்னு ஒண்ணு ஆன் பண்ணணும், அதுல தூரம் தானா வர்றது 0.015 மீட்டர், அதாவது ஒன்றரை செ.மீ. அடுக்குக்கு அடுக்கு ஒன்றரை செ.மீ இடைவெளின்னு வச்சாலே பதினஞ்சு அடுக்கு 21 செ.மீ. முதல் பேக்ல அந்த அம்மா வயித்துல தலகாணிய கட்டுன மாதிரி இருந்தாங்க. கம்மி பண்ணலாம்னா ஒரு மில்லிமீட்டருக்குக் கீழ போக விடாது, பட்டு கால் மில்லிமீட்டர் கூட தேறாது.

இதுக்கு எல்லாரும் பண்ற வழி, மொத்த சீனையும் பத்து மடங்கு பெருசாக்கறது. அப்ப ஒரு மில்லிமீட்டர்ங்கறது நெச அளவுல 0.1 மில்லிமீட்டர். ஆனா உயரம் பத்து மடங்கானா விழற நேரம் பத்தோட வர்க்கமூலம், மூணு மடங்குக்கு மேல நீளும், சேலை நிலாவுல நடக்கற மாதிரி மெதுவா அசையும். அதனால புவியீர்ப்ப 9.81லேர்ந்து 98.1 ஆக்கணும். இத மறந்துட்டு காத்து, டேம்பிங் (அசைவ அடக்கற செட்டிங்)னு வேற எங்கயோ நோண்டிக்கிட்டு ரெண்டு நாள் போறது ரொம்ப சுலபம். விறைப்பு நம்பரும் பத்து மடங்கு அளவுல மாறிப் போகும், பட்டை டெஸ்ட்ட அந்த அளவுலயே இன்னொரு தடவ ஓட்டிக்கணும்.

மடிப்ப எப்படி வச்சேன்னு கேப்பீங்க. தட்டையான துணிய சிமுலேஷன்லயே, அதாவது அந்தக் கணக்குலயே, மடிச்சு சொருக வைக்கணும்னு எனக்கு ஆசை, ரெண்டு விரல் மாதிரி ரெண்டு உருளைய அசைய வச்சு ஒரு வாரம் பாத்தேன், மூணாவது மடிப்புல குழம்பிடும். கடைசில கையால மாடல் பண்ணேன், சேலை கட்டியாச்சுங்கற நெலைல ஒரு ஷேப் கீ (ஒரு வடிவத்த அப்படியே சேத்து வைக்கற வசதி), தட்டையா விரிச்ச நெலைல ஒரு ஷேப் கீ. சிமுலேஷன் ஆரம்பிக்கறது கட்டுன நெலைலேர்ந்து, ஆனா துணியோட இயல்பு நெலை எதுன்னு கேட்டா தட்டையா விரிச்சதக் காட்டு, அதுக்கு ரெஸ்ட் ஷேப் கீன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அப்பதான் மடிப்புல இருக்கற துணி விரிஞ்சு போகப் பாக்கும், அந்தத் தவிப்புதான் நெசக் கொசுவத்துக்கு உசுரு குடுக்குது. சொருகற எடத்துலயும் தோள்ல ஊக்கு குத்துற எடத்துலயும் புள்ளிய நகராம பிடிச்சு வைக்கற பின் குரூப், முதல் 60 ஃபிரேம் கேரக்டர அசையாம நிக்க வச்சு துணிய படிய விட்டுட்டு, அதுக்கப்பறம் நடை.

ஓட்டிப் பாத்தேன், நல்லா வந்துச்சு, ஆனாலும் என்னமோ குறைஞ்சுது. ரொம்ப வழவழன்னு, ஃபேக்டரிலேர்ந்து ரோலா வந்த துணி மாதிரி. என்னன்னு புரியாம நாலஞ்சு நாள் போச்சு.

புரிய வச்சது அம்மா, அதுவும் அவங்களுக்கே தெரியாம. எங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ பீரோவுல இருக்கற பட்டெல்லாம் எடுத்து மடிப்பு மாத்தி வைப்பாங்க. ஒரே மடிப்புல கெடந்தா அந்தக் கோட்டுல ஜரிகை ஒடிஞ்சு பட்டு இத்துப்போகும்ல. அன்னிக்கு அம்மா ஒரு சேலைய ஒதறி ரெண்டு கையால பிடிச்சு நிக்கறாங்க, ஜன்னல் வெளிச்சம் சாய்வா விழுது, பழைய மடிப்புக் கோடு ஒவ்வொண்ணும் நிழலா தெரியுது, நீளவாக்குல நாலு, குறுக்க வரிசையா. ஒதறியும் போகல. துணி அந்தக் கோட்டுல லேசா முதுகு வளைஞ்சே நிக்குது. எங்க ஊருப் பட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு வாங்கும்போது கூட விசிறி மடிப்பப் பத்திச் சொன்னாங்க, விசிறி மாதிரி மடிச்சு விக்கறது திருபுவனத்து வழக்கம். சின்ன வயசுலேர்ந்து பாத்த மடிப்பு, வேலைன்னு வந்தப்ப கண்ணுக்குத் தெரியல.

சாஃப்ட்வேர் துணி ஸ்பிரிங். ஸ்பிரிங் அழுத்துனா திரும்பி வந்துரும், மறந்துரும். பட்டு மறக்காது. மாசக்கணக்குல பீரோவுல மடிஞ்சு கெடந்தா அந்த மடிப்பே அதோட இயல்பு நெலைல ஒரு பங்காயிடும். அப்படின்னா நான் தட்டையா விரிச்சு வச்சிருக்கற ரெஸ்ட் ஷேப்பே தப்பு! புதுசா தறிலேர்ந்து அறுத்த துணிதான் அவ்ளோ தட்டை, எந்த அம்மாவும் ஆடிப்பதினெட்டுக்குத் தறிலேர்ந்து நேரா எடுத்துக் கட்டிக்கிட்டு வர மாட்டாங்க. ரெஸ்ட் ஷேப்ப தொறந்து, அம்மாகிட்டேர்ந்து அந்தச் சேலைய வாங்கி தரைல விரிச்சு, மடிப்புக் கோடு எங்கெங்க ஓடுதுன்னு டேப்பால அளந்து, அதே எடத்துல கட்டத்த ஒரு வரிசை மட்டும் மேல தூக்கி மெல்லிசா மடிப்பு முதுகு போட்டேன், ஒரு கோட்டுக்கு மேல, அடுத்ததுக்குக் கீழ. பெண்டிங் மாடல் ஆங்குலர்ல (வளைவ கோணத்த வச்சுப் பாக்கற முறை) இருந்ததால அந்தக் கோணத்தையே இயல்புன்னு எடுத்துக்கிச்சு. அன்னிக்கு ராத்திரி பேக்ல முந்தானைல மூணு மடிப்புக் கோடு முதுகு வழியா எறங்கி, நடக்க நடக்க வெளிச்சத்துல தெரிஞ்சு மறைஞ்சு தெரிஞ்சு வந்துச்சு. டெக்ஸ்சர்ல (துணி மேல ஒட்டற படம்) வரைஞ்சிருந்தா இது வராது, வரைஞ்ச கோடு நகராம ஒட்டிக்கிட்டு நிக்கும்.

நடுவுல ஒண்ணு சொல்லணும். துணி பாக்கறதுக்கு டெல்டா மாதிரி எடம் கெடைக்காது. திருவாரூர் ஆழித்தேர்ல தொங்கற தொம்பைய பாருங்க, குழாய் மாதிரி தைச்ச துணி, அதனாலயே மடியாம மொத்தமா மணி நாக்கு மாதிரி ஆடும், தேர் நின்னப்பறமும் ரெண்டு மூணு ஆட்டம் ஆடித்தான் அடங்கும். இந்த மாதிரி தொம்பைத் துணிய கலம்காரில (துணில கையால படம் எழுதற முறை) எழுதற சிக்கல்நாயக்கன்பேட்டை எங்க ஊர்லேர்ந்து பக்கம்தான். ஒரே துணிய குழாயா தைச்சா எப்படி ஆடுது, தட்டையா விட்டா எப்படி ஆடுதுன்னு தேர் மேல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல தொங்கும். சிமுலேஷன் கத்துக்கறவங்க ஃபோன தூக்கிட்டு ஒரு தேரோட்டத்துக்குப் போங்க, ஸ்லோமோஷன்ல எடுங்க.

நடைக்கும் அப்படித்தான் பண்ணேன். அம்மாவ கும்பகோணத்துல காவேரி படித்துறைக்குக் கூட்டிட்டுப் போயி எறங்கச் சொல்லி வீடியோ எடுத்தேன், பக்கவாட்டுலேர்ந்து, முன்னாடிலேர்ந்து, அதே மாதிரி பட்டு கட்டிக்கிட்டு. கால் முதல் படிய தொடறதுக்கு முன்னாடியே முழங்கால் கொசுவத்த உள்ளேர்ந்து உதைக்குது, உதைச்ச மடிப்பு முன்னாடி போயி அடுத்த மடிப்புல இடிச்சு, அது அதுக்கடுத்தத தள்ளி, கடைசி மடிப்பு அசையறதுக்குள்ள அடுத்த கால் வந்துடுது. மடிப்புக்கு மடிப்பு உராயற உராய்வுலதான் அந்தத் தாமசம் இருக்கு. செல்ஃப் கொலிஷன்ல ஃபிரிக்‌ஷன் 5லேர்ந்து 20 வரைக்கும் ஏத்துனேன், வீடியோவ பக்கத்துல ஓட்டி ஃபிரேம் எண்ணிப் பாத்தா உதைக்கும் கடைசி மடிப்புக்கும் நடுவுல நாலு ஃபிரேம், 14ல அது பொருந்துச்சு. குவாலிட்டி ஸ்டெப்ஸ் (ஒரு ஃபிரேமுக்கு எத்தன தடவ கணக்கு) 5 பத்தாது, 20 வச்சேன்.

ஒரு பேக்குக்கு எட்டு மணி நேரம். ராத்திரி சாப்பிட்டுட்டு போட்டா விடியக்காலைல முடியும், நடுவுல கரண்ட் போகாம இருந்தா. கேச்ச, அதாவது கணக்கு போட்டு முடிச்ச ஃபிரேம்களை, டிஸ்க்ல போகற மாதிரி டிக் பண்ணி, ஃபைல முதல்ல சேவ் பண்ணிட்டு பேக் போடுங்க. சேவ் பண்ணாத ஃபைல்ல 190வது ஃபிரேம்ல கரண்ட் போன ராத்திரி எனக்கு ஒண்ணு இருக்கு, அத யாருக்கும் குடுக்க மாட்டேன்.

கடைசி பேக் முடிஞ்ச காலைல அம்மாவக் கூப்பிட்டேன். ஊடை நூல தார்க்குச்சில சுத்திக்கிட்டு இருந்தவங்க கைய முந்தானைல தொடச்சுக்கிட்டே வந்து உக்காந்தாங்க. ஓட்டுனேன். திருப்பி ஓட்டச் சொன்னாங்க. ஸ்கிரீனுக்குப் பக்கத்துல போயி கொசுவத்துக்கு நேரா விரல வச்சாங்க.

"இந்தப் பொண்ணு கொசுவம் வலது பக்கம் பாத்து வச்சிருக்கே."

"என்னம்மா?"

"மடிப்போட வாய் இடது பக்கம்ல பாக்கணும். முந்தானை இடது தோளுக்குப் போவுதுல்ல, கொசுவமும் அந்தப் பக்கம் பாத்துதான் நிக்கும். இப்படி வச்சா நடக்கறப்ப கால்ல வாங்கும்டா."

பாத்தேன். ஏழு மடிப்பும் வலது பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது. கையால மாடல் பண்ணப்போ எதிர்ல நின்னு பாத்து வச்சேன், எனக்கு இடதுன்னா அவங்களுக்கு வலது. ஸ்டூடியோல யாரும் கண்டுபிடிக்கல, அப்பாவும் கண்டுபிடிக்கல, அவரு நெய்வாரு, கட்டுனதில்ல. அப்படியே அனுப்பியிருந்தா காசு வந்திருக்கும். ஆனா அந்த ஷாட்ட பாக்கப் போற பொம்பளைங்க எத்தன பேரு, அவங்க ஒவ்வொருத்தர் கண்ணுக்கும் இது முதல் செகண்டுல தெரியும்.

ஷேப் கீல கொசுவத்த மட்டும் எடுத்து, மடிப்ப ஒவ்வொண்ணா திருப்பி, சொருகற எடத்துல பின் குரூப்ப புதுசா போட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு பேக் போட்டேன். போடறதுக்கு முன்னாடி அம்மாவ உக்கார வச்சு முதல் ஃபிரேமக் காட்டுனேன், ஏழு மடிப்பையும் விரல் வச்சு எண்ணிட்டு, "ம், இப்ப போடு"ன்னாங்க.